இருக்கட்டும் என்றாள் எங்கள் லிஃப்டர்

கைப்பந்து ஆட்டத்தில் கூட்டம் கைதட்டுவது பந்தை ஓங்கி அடிப்பவருக்கு. அந்தப் பந்தை அடிக்கத் தகுந்த உயரத்தில், வலையை உரசாமலும் வலையை விட்டு விலகிவிடாமலும், அடிப்பவர் துள்ளி எழும் அதே கணத்தில் அவர் கைக்கு எட்டும்படி எழுப்பிக் கொடுப்பவர் ஒருவர் உண்டு. எங்கள் பக்கத்தில் அவரை லிஃப்டர் என்பார்கள். எதிரணியிலிருந்து வரும் பந்தை ஒருவர் தடுத்து எடுப்பார், இரண்டாவது தொடுதல் லிஃப்டருடையது, மூன்றாவதுதான் அடி. யாருக்கு எழுப்புவது என்பதை அந்த நொடியில் தீர்மானிப்பதும் லிஃப்டரே. ஆட்டத்தை நடத்துகிறவர் அவர். புள்ளி மட்டும் இன்னொருவர் பெயரில் விழும்.

இதையெல்லாம் நான் பணி ஓய்வுக்குப் பிறகுதான் கற்றேன். அதற்கு முன்பு ராமநாதபுரத்தில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். சாட்சிகள் தங்கள் பேச்சில் சொன்னவற்றை, மேல்முறையீட்டுக்குப் போகும் வழக்குக் கட்டுகளுக்காக ஆங்கிலத்தில் ஆக்குவது என் வேலை. வரப்புத் தகராறும் வலைத் தகராறும் பாகப்பிரிவினையும் என் மேசை வழியாகத்தான் மதுரைக்குப் போயின. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எனக்கு ஒரு விதியைச் சொல்லியிருந்தார்: சாட்சி சொன்ன சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால், எது சரியென்று நீ முடிவு செய்யாதே, அந்தத் தமிழ்ச் சொல்லையே அப்படியே வைத்துவிடு, நீதிபதி பார்த்துக்கொள்வார். என் பணிக்காலம் முழுவதும் அந்த விதியை மீறியதில்லை. மீறியது ஓய்வுக்குப் பிறகு, கட்டு எதுவும் இல்லாத ஓர் அறையில்.

ஊரில் ஒரு மகளிர் கைப்பந்து அணி இருந்தது. பெண்களை வெளியூர்ப் போட்டிகளுக்கு அழைத்துப் போக ஒரு பெண் மேலாளர் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கணவர் காலமாகி, வீட்டில் நானும் புத்தகங்களும் மட்டுமே மிஞ்சியிருந்த சமயம். ஒப்புக்கொண்டேன். அணியின் தலைவர் பாம்பனில் ஐஸ் பேக்டரி வைத்திருப்பவர். முதல் நாளே, "கோர்ட்டுல இருந்து ரிட்டயர் ஆகி நேரா கோர்ட்டுக்கே வந்துட்டீங்களேம்மா" என்றார். அந்த நகைச்சுவையை அவர் பிறகு எல்லா ஊர்களிலும் சொன்னார். எல்லா ஊர்களிலும் முதலில் சிரித்தவரும் அவரே.

எங்கள் லிஃப்டர் பாம்பன் பெண். அப்பா படகில் போகிறவர், அம்மா கருவாடு காயப்போட்டு விற்பவர். பள்ளி முடித்ததும் அணி அவளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒப்பந்தம் என்பது பெரிய சொல். கல்லூரிப் படிப்பையும் விடுதியையும் அணி பார்த்துக்கொள்ளும்; படிப்பு முடியும்வரை அவள் வேறு எந்த அணிக்கும் ஆடக்கூடாது. முடிந்த பிறகு, இரு தரப்பும் சம்மதித்தால் ஒரு வருடம் நீட்டிக்கலாம். இல்லையென்றால் அவள் எங்கு வேண்டுமானாலும் போகலாம். அவ்வளவுதான்.

காற்றை அவள் அளவுக்கு அறிந்த லிஃப்டரை நான் பார்த்ததில்லை. எங்கள் போட்டிகள் திறந்தவெளியில் நடப்பவை. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மற்ற ஊர் லிஃப்டர்கள் எழுப்பிய பந்து வலையைத் தாண்டி அடுத்த அணியின் கையிலேயே போய் விழும். இவள் பந்தைக் கொஞ்சம் தாழ்த்தி, காற்றின் முகத்துக்கு எதிராகவே எழுப்புவாள். காற்று அதைக் கொண்டுவந்து அடிப்பவளிடம் சேர்க்கும். பேருந்தில் எப்போதும் என் பக்கத்தில் உட்காருவாள். நான் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தின் அட்டையைப் பார்ப்பாள். உள்ளே என்ன என்று கேட்க மாட்டாள். "இதுல யாராச்சும் சாவாங்களா மேடம்?" என்று மட்டும் கேட்பாள். சாவார்கள் என்றால், "அப்ப நீங்களே படிங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவளுடைய ஒப்பந்தம் முடியவிருந்த ஆண்டில், திருவாடானையில் கோயிலை ஒட்டிய திடலில் ஒரு போட்டி நடந்தது. இறுதி ஆட்டம், இறுதிச் சுற்று. இரண்டு அணிகளும் சமமாக வந்து, அடுத்தடுத்து இரண்டு புள்ளி எடுப்பவர்களுக்கே வெற்றி என்ற நிலையில் பந்து அவளிடம் உயர்ந்து வந்தது. எங்கள் அணியில் பலமாக அடிக்கக்கூடிய பெண் ஏற்கனவே ஓடிவந்து துள்ளிவிட்டாள். பந்தை அவளுக்கு எழுப்ப வேண்டிய எங்கள் லிஃப்டர், எழுப்பவில்லை. தானே துள்ளினாள். இரண்டாவது தொடுதலிலேயே பந்தை எதிர்ப்பக்கம் அடித்தாள். நல்ல அடி. கோட்டுக்கு வெளியே ஒரு கை அகலத்தில் விழுந்தது. அடுத்த புள்ளியும் எதிரணிக்கே போய்விட்டது, தோற்றோம்.

திரும்பும் பேருந்தில் அவள் என் பக்கத்தில் இருந்தாள். தேவிபட்டினம் தாண்டிய பிறகு அவள் மெல்லச் சொன்னாள்.

"கை தானாப் போயிருச்சு மேடம்."

நான் தலையாட்டினேன். சிறிது தூரம் போனதும் மறுபடி சொன்னாள்.

"பொய் சொல்றேன். தானாப் போகல. நான்தான் அடிச்சேன்."

"ஏன்?"

"சின்னதுல இருந்து எல்லாருக்கும் தூக்கித் தூக்கிக் குடுக்கேன். அவ்வளவு ஒசக்கப் போன பந்த ஒரு தடவயாச்சும் நான் அடிக்கணும்னு இருந்துச்சு." பிறகு, விரல்களில் சுற்றியிருந்த பிளாஸ்டரை உரித்தபடி, "எனக்கு லிஃப்டரா இருக்கப் பிடிக்கல மேடம். யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்றாள்.

யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாக்கை மிகவும் வசதியாகக் காப்பாற்றினேன் என்பதைப் பிறகு உணர்ந்தேன்.

அந்த ஒரு அடியைக் கண்டவர்களில் மதுரை அணி ஒன்றின் பயிற்சியாளரும் இருந்தார். அவர் அவளை அலைபேசியில் அழைத்து, உயரம் இருக்கிறது, கை இருக்கிறது, ஒப்பந்தம் முடிந்ததும் வா, ஒரு வருடம் பயிற்சி கொடுத்து பந்தை அடிக்கும் அட்டாக்கராக மாற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவள் இதை என்னிடம் மட்டும் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று இன்றைக்கு எழுதப் பார்க்கிறேன், முடியவில்லை. அப்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை போலும். அவள் போய்விட்டால் அணி என்னாகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அணியின் குழு கூடியது. பந்துகளும் வலைகளும் வைக்கும், திடலை ஒட்டிய சிறிய அறை. தலைவர், பயிற்சியாளர், அணிக்குச் சட்டை தைத்துத் தரும் துணிக்கடை பாய், நான். விவாதம் ஒன்றே: இளம் லிஃப்டரை இன்னொரு வருடத்துக்கு வைத்துக்கொள்வதா, விடுவிப்பதா.

பயிற்சியாளர் ஒருகாலத்தில் காவல்துறை அணிக்கு ஆடியவர். திருவாடானைத் தோல்வி அவர் தொண்டையில் இன்னும் நின்றிருந்தது.

"கடைசிப் பாயிண்ட்டுல சொந்தமா அடிக்கிற லிஃப்டர வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? நான் ஒண்ணு சொல்லுதேன், அது ஒண்ணு செய்யுது."

"உள்ள விழுந்திருந்தா மொத ஆளா ஓடிப்போய் நீதான தூக்கியிருப்ப" என்றார் பாய்.

"விழல பாய்."

"அல்லா நாடல. அதுக்குப் புள்ள என்ன செய்யும்? அது தூக்குற பந்து பூ மாதிரி எந்திரிக்கி."

"பூக்கட்டி விக்கிறதுக்கா டீமு நடத்துறோம்?"

"நீ ஆடுன காலத்துல நெட்டக் கிழிச்ச கதையெல்லாம் எனக்குத் தெரியும்ப்பா. பழைய போட்டோவ எடுத்துட்டு வரவா?"

தலைவர் இருவருக்கும் நடுவில் கையை நீட்டினார். "ஏப்பா, அந்த வயசுல நான் ஐஸ் ஒடைக்கத்தான் லாயக்கா இருந்தேன். அதுலயும் பாதி காலுல விழுந்துச்சு. சின்னப்புள்ள ஒரு பந்த வெளிய அடிச்சதுக்கு விட்டுர முடியுமா? அம்மா, நீங்க சொல்லுங்க."

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். ஒரு பிழையான முடிவை வைத்து இளம் ஆட்டக்காரியை எடைபோடக் கூடாது. அணி முழுவதும் அவள் கையைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. புதிதாக ஒரு லிஃப்டரைப் பழக்கி எடுக்க ஒரு வருடமாவது ஆகும், அதற்குள் மற்ற பெண்கள் மனம் தளர்ந்து கலைந்துவிடுவார்கள். துணிந்து அடித்தவளிடம்தான் நாளைக்குத் துணிந்து முடிவெடுக்கும் திறனும் இருக்கும். ஒவ்வொரு வாதமும் சரி. இன்றும் அவற்றில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியாது. நான் சொல்லாமல் விட்டவை இரண்டு. அவளுக்கு லிஃப்டராக இருக்கப் பிடிக்கவில்லை என்பது ஒன்று. அணி கலைந்தால் என் மாலைகள் மறுபடி வெறுமையாகிவிடும், பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் ஆள் இருக்காது என்பது மற்றது.

"அம்மா பேசுனா தீர்ப்பு வாசிச்ச மாதிரி இருக்கு" என்றார் தலைவர். பயிற்சியாளரும் முனகிக்கொண்டே இணங்கினார். நீட்டிப்பது என்று முடிவாயிற்று. அவளுடைய சம்மதம் மட்டும் பாக்கி.

திடலிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சுவரோரமாக நின்றாள். தலைவர் அன்போடுதான் கேட்டார்.

"ஒன்னைய இன்னொரு வருசத்துக்கு வச்சுக்கிறதா கமிட்டி முடிவு பண்ணிருக்கும்மா. ஹாஸ்டல், மேல்படிப்பு, எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம். என்ன சொல்லுற?"

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி தரை.

"இருக்கட்டும் சார்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

இந்தச் சொல்லைப் பற்றி நான் எவ்வளவோ யோசித்திருக்கிறேன். பெண்ணை எங்கே தங்கவைப்பது என்ற பேச்சில் "எங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்றால், அது அணைத்துக்கொள்ளும் சொல். இலையில் சோற்றை இன்னொரு கரண்டி போட வருகிறவரிடம் இலையைக் கையால் மறைத்து "இருக்கட்டும்" என்றால், போதும், வேண்டாம் என்று பொருள். ஒரே சொல் கதவைத் திறக்கவும் மூடவும் செய்கிறது. பெரியவர்கள் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்லிப் பழகாத ஒரு பெண், தன் அப்பாவின் படகுக்கு ஐஸ் கொடுக்கும் மனிதர் முன்னால் நின்று மறுக்க வேண்டுமானால், அவளிடம் இருக்கும் சொல் இது ஒன்றுதான்.

சம்மதிப்பவள் எப்படிச் சொல்வாள் என்பதும் எனக்குத் தெரியும். பயிற்சியாளர் எதைச் சொன்னாலும் "சரி சார்" என்பாள். நான் பேருந்தில் பன்னைப் பிட்டு நீட்டினால் "இருக்கட்டும் மேடம்" என்பாள். சிலர் அப்படிச் சொல்லிவிட்டு இரண்டாம் முறை வற்புறுத்தினால் வாங்கிக்கொள்வார்கள். இவள் வாங்கியதில்லை.

பயிற்சியாளர்தான் முதலில் வாய் திறந்தார். "என்ன சொல்லிட்டுப் போகுது? இருக்கேங்குதா, வேணாங்குதா?"

"இருக்கட்டும்னா இருக்கட்டும்தான்" என்றார் பாய்.

"அதத்தான கேக்குறேன். எது இருக்கட்டும்?"

தலைவர் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். "நமக்குத்தான் வீட்டுலயே மொழிபெயர்ப்பு ஆபீசர் இருக்காகளே. நீங்க சொல்லுங்கம்மா, என்ன அர்த்தம்?"

"இருக்கேன்னுதான் சொல்லுது" என்றேன்.

"எதுக்கும் கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டுருவமா?" என்றார் பயிற்சியாளர். அவளை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று வாதாடியவர் அவர். அவளையே கேட்க வேண்டும் என்று நினைத்தவரும் அவர் ஒருவர்தான்.

என் நாற்காலிக்கு எதிரே ஜன்னல். திடலின் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அவள் அதன் அடியில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அறையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸுக்குப் போகிறவளின் அவசரம் அவளிடம் இல்லை.

"பஸ்ஸுக்குப் போயிருக்கும்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. தலைவர் அன்று மாலையே அவளை அலைபேசியில் அழைத்து, நீ சொன்னபடியே நீட்டித்தாயிற்று என்று சொன்னார். அவள் "சரி சார்" என்றாளாம்.

அடுத்து வந்த பயணத்தில் அவள் வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேருந்து பாம்பன் பாலத்தில் ஏறியது. கீழே படகுகள் கரையில் ஒதுங்கியிருந்தன. அவள் நெடுநேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அன்னைக்கு நான் சரியாச் சொல்லல மேடம். அவங்களுக்கு வெளங்கல போல. தெளிவாச் சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். தலைவரை அழைத்து ஒரே வாக்கியத்தில் சரிசெய்திருக்கலாம். அவர் நல்ல மனிதர், இணங்கியிருப்பார். மதுரையிலும் இடம் அப்போது நிரம்பியிருக்கவில்லை. நான் சொன்னது வேறு. "ஒரு வருசந்தான, ஓடிரும்" என்றேன். அவள் தலையாட்டினாள். தான் செய்யாத பிழையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ராமேஸ்வரம் வரை வந்தாள். பக்கத்தில் நான் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு பக்கமும் நகரவில்லை.

அந்த வருடம் அவள் குறைவைக்காமல் ஆடினாள். குறைவைத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் எழுப்பிய பந்துகளை அடித்து மற்றப் பெண்கள் பெயர் வாங்கினார்கள். ஒருத்திக்கு அதை வைத்தே வேலையும் கிடைத்தது. பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, அவள் மட்டும் வலைக்கு முன்னால் நின்று பந்தைத் தானே மேலே எறிந்து, ஓடிவந்து, துள்ளி அடித்துப் பார்ப்பாள். தானே எறிந்த பந்தைத் தானே அடிப்பது கடினம். எறிந்துவிட்டு ஓட்டத்துக்குப் பின்வாங்க நேரம் இருக்காது. பெரும்பாலும் வலையில் விழும். நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்து போய் எறிந்து கொடுக்கலாம் என்று தோன்றும். எழ மாட்டேன். எழுந்தால் அவளுக்கு அது தேவை என்று எனக்குத் தெரியும் என்றாகிவிடும்.

அதே திருவாடானைத் திடலில் அந்த முறை வென்றோம். கடைசிப் புள்ளியில் பந்து அவளிடம் வந்தது. அவள் எழுப்பினாள். பூ மாதிரிதான் எழுந்தது.

வெற்றிக்கு பாய் பிரியாணி போட்டார். திடலில் ஜமுக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். தலைவர் எழுந்து நின்று, மகிழ்ச்சியில் பழைய கதையை எடுத்தார்.

"போன வருசம் கமிட்டில இந்தப் புள்ளைய வச்சுக்கிறதா வேணாமான்னு ஒரே அடிதடி. கடைசில இதுகிட்டக் கேட்டா, இருக்கட்டும்னு ஒரு வார்த்தையப் போட்டுட்டு வெளிய போயிருச்சு. நாங்க மூணு பேரும் முழிக்கிறோம். அம்மாதான் அர்த்தம் சொன்னாக, இருக்கேன்னுதான் சொல்லுதுன்னு. கோச்சு சாரு கூப்பிட்டுக் கேப்போம்னாரு. அம்மாதான் அது பஸ்ஸுக்குப் போயிருச்சுன்னாக. அன்னைக்கு அம்மா மட்டும் சரியா அர்த்தம் சொல்லலைன்னா இன்னைக்கு இந்தப் பிரியாணி ஏது? கோர்ட்டு மொழிபெயர்ப்புன்னா சும்மாவா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிலர் எனக்காகக் கைதட்டினார்கள். அவள் தட்டோடு எனக்கு எதிர்வரிசையில் இருந்தாள். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நான் படிக்கும் புத்தகத்தின் அட்டையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

பாய் அண்டாவோடு வரிசையில் வந்தார். "இன்னுங் கொஞ்சம் போடவாம்மா?"

"வேணாம் பாய்" என்றாள் அவள்.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். குழாயை மூடும்வரை காத்திருந்தாள்.

"அன்னைக்கு நான் பஸ்ஸுக்குப் போகல மேடம். வேப்பமரத்துக்கிட்ட நின்னேன். திரும்பக் கூப்பிட்டுக் கேப்பாங்கன்னு."

"தெரியும். ஜன்னல்ல தெரிஞ்சுச்சு."

"நான் சொன்னது வெளங்குச்சா ஒங்களுக்கு?"

"வெளங்குச்சு."

அவள் சிறிது நேரம் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை காய்ந்த பிறகும் துடைத்தாள். "நான் இந்த வருசம் பூரா என் தப்புன்னு என்னையவே வஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பும் பேருந்தில் பின்னால் தோழிகளோடு உட்கார்ந்துகொண்டாள். என் பக்கத்து இருக்கையில் பந்துப் பையை வைத்தார்கள்.

நீட்டிப்பு முடிந்ததும் மதுரைக்குத் தேர்வுக்குப் போனாள். அதைக்கூட அவள் தோழி சொல்லித்தான் அறிந்தேன். நான் அலைபேசியில் அழைக்கவில்லை. மன்னிப்புக் கேட்பதாக எண்ணிக்கொண்டு, தேர்வுக்குப் போகிறவளிடம் என் மனநிம்மதியையும் ஒரு சுமையாக ஏற்றக் கூடாது என்ற அளவுக்காவது எனக்குப் புரிந்திருந்தது.

அதன்பின் ஒருநாள் காலையில் அவளே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"எடுக்கல மேடம்."

அவளே சொன்னாள்.

"போன வருசம் வந்திருந்தா ஒரு வருசம் பழக்கியிருப்பேன்னு அந்த சார் சொன்னாரு. இப்ப அந்த எடத்துக்கு வேற புள்ள வந்து நல்லா அடிக்கிதாம். பழக்கி எடுக்க இப்ப நேரமில்லையாம். லிஃப்டரா வேணா வா, ஒன்னைய மாதிரி லிஃப்டர் கெடைக்காதுன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"வேணாம்னு சொன்னேன். இருக்கட்டும்னு சொல்லல." வந்ததிலிருந்து முதன்முறையாக அவள் என்னை நேராகப் பார்த்தாள். "வாய்ல வரவே இல்ல மேடம். ரெண்டு தடவ தொண்டைய செருமிட்டுச் சொன்னேன். எங்கம்மாகிட்ட சொன்னா, அவ்வளவு பெரிய ஆள்ட்ட அப்பிடியா மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றதுன்னு வையிது."

என் காலத்தில் எத்தனையோ சாட்சிகளின் சொற்களைக் கவனமாக வேறு மொழிக்குக் கொண்டு போயிருக்கிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் ஒற்றைச் சொல்லை மட்டும் எனக்கு வேண்டிய கரைக்கு இழுத்துக்கொண்டேன். அதற்கு அவள் ஒரு வருடத்தைக் கொடுத்தாள். அந்த வருடத்தோடு ஓர் இடத்தையும் கொடுத்தாள். இதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று நான் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் கேட்டாள்.

"திருநெல்வேலில ஒரு டீமு புதுசா எடுக்குறாங்களாம். மழைக்கு முன்னாடி. அதுக்குள்ள நான் அடிச்சுப் பழகணும். தூக்கிப் போட ஆளில்ல. நீங்க வாரீங்களா?"

"எனக்குத் தூக்கத் தெரியாதே."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தோழிங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க. எங்கம்மாவுக்கு மீன் வேல கெடக்கு. நீங்க சும்மாத்தான இருக்கீங்க." எழுந்து நின்று சொன்னாள்: "நீங்கதான் போடணும்."

அது மன்னிப்பில்லை. அப்படி நான் எடுத்துக்கொள்ளவும் இல்லை. அந்தத் தவறை இனி ஒருமுறை செய்ய மாட்டேன். அவள் சொன்ன சொற்களுக்கு என்ன பொருளோ அவ்வளவே பொருள்: எனக்கு ஆள் வேண்டும், நீங்கள் வாருங்கள்.

இப்போது நான் காலை முதல் பேருந்தில் பாம்பனுக்குப் போகிறேன். அவர்கள் வீட்டுக்குப் பின்னால், மணல் இறுகிய இடத்தில், இரண்டு கம்புகளுக்கு இடையே கிழிந்த மீன்வலையைக் கட்டியிருக்கிறாள். நான் வலையோரம் நின்று இரு கைகளாலும் பந்தை எழுப்புகிறேன். ஒரு பந்தும் போக வேண்டிய இடத்துக்குப் போவதில்லை. ஒன்று வலைக்கு அந்தப்பக்கம், ஒன்று அவள் தலைக்குப் பின்னால். அவள் அம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

"கோர்ட்டம்மா, இப்பிடித் தூக்குனா பந்து காக்காவுக்குத்தான் போகும்."

"பழகிட்டு இருக்கேன்" என்பேன்.

"மதுரைல அவ்வளவு பெரிய மனுசன் கூப்பிட்டும் வேணாம்னுட்டு வந்து இங்கன குதிக்கா. நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

"அத நான் சொல்ல முடியாதும்மா. அவளத்தான் கேக்கணும்."

அவள் இதையெல்லாம் கேட்டும் கேட்காததுபோல், ஓட்டத்துக்குப் பின்வாங்கி நிற்பாள். கச்சான் தொடங்கிவிட்டது. காலையிலேயே மணலைக் கிளப்புகிறது. போன வாரம்தான் எனக்கு முதன்முறையாகச் சொல்லிக்கொடுத்தாள்: காற்று எங்கே கொண்டு போகிறதோ அதற்கு எதிராக, கொஞ்சம் தாழ்த்தி. நான் தாழ்த்தி எழுப்பினேன். பந்து ஒரு கணம் காற்றில் தயங்கி, பிறகு அவள் பக்கம் சாய்ந்தது. அவள் ஓடிவந்து துள்ளினாள். கை பந்தில் பட்ட சத்தத்தில் கருவாட்டுக்குக் காத்திருந்த காக்கைகள் எழுந்தன. பந்து வலையைத் தாண்டி, கோடாகக் கிழித்து வைத்திருந்த மணலுக்கு வெளியே விழுந்தது. ஒரு கை அகலம்தான்.

நான் போய் எடுத்து வந்தேன். தோள் வலித்தது.

"போதுமா?" என்று கேட்டேன்.

"போதாது மேடம்" என்றாள். "இன்னொண்ணு போடுங்க."